கறை படிந்தது, சாயம் பிடிக்கவில்லை: பழக்கழிவுச் சாயத்தில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஜூஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் எனக்காகத் தினமும் ஒரு பக்கெட் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) கொட்டையை ஒதுக்கி வைக்கிறார். முதல் நாள் தயங்கித்தான் கேட்டேன். "கொட்டை மட்டும் போதுமாக்கா? தோலையும் எடுத்துட்டுப் போங்க, குப்பை வண்டிக்குப் பாரம் குறையும்" என்றார். அன்று ஆரம்பித்தது. அதற்கப்புறம் பிளம்ஸ் தோல், மாதுளை ஓடு, வாழைத்தோல், ஆரஞ்சுத் தோல் என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றியிருக்கிறேன். பாதிக்கு மேல் கெட்டுப்போனது. கெட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டிலிருந்துதான் இது.

உங்கள் துணியில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் ஒரு தராசு வேண்டும், சமையலறைத் தராசு போதும். கீழே வரும் அளவு எல்லாம் காய்ந்த துணியின் எடையை வைத்துத்தான். "ஒரு கைப்பிடி படிகாரம்" என்ற கணக்கில் போட்டிருந்தால் எந்தக் கோளாறுக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

சாயம் ஏறவே இல்லை. தண்ணீரில் அலசியதும் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வந்தது

பானையில் இருக்கும் சாயத்தைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகப்படுகிறார்கள். "இன்னும் நாலு கொட்டை போட்டிருக்கணும்" என்று மறுபடி கொதிக்க வைக்கிறார்கள். பத்துக்கு எட்டு தடவை குற்றம் துணியில்தான் இருக்கும்.

ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியில் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இழுத்தால் சரி. முத்து மாதிரி மேலேயே நின்றால் துணியில் கஞ்சியோ, மெழுகோ, ஆலையில் போட்ட பூச்சோ இருக்கிறது. காடா துணி வெள்ளந்தியாகத் தெரிந்தாலும் அதில் பருத்தியின் இயற்கை மெழுகு அப்படியே இருக்கும். ஒரு கிலோ துணிக்கு 20 முதல் 30 கிராம் சலவை சோடா போட்டு, துணி நன்றாக மூழ்கும் தண்ணீரில் ஒரு மணி நேரம் அவியுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு வரும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு தடவை. இரண்டாவது தண்ணீர் தெளிவாக வந்தால்தான் துணி தயார். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே மதுரையில் ஒரு மணி நேரம் என்றால் இங்கே ஒன்றரை மணி நேரம் வையுங்கள். பருப்பு வேகாத ஊரில் பருத்தி மட்டும் சீக்கிரம் வெந்துவிடுமா?

அவித்தும் ஏறவில்லையா? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையும் உதிரும் சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகும் நாற்றம் வந்தால் கம்பளி அல்லது பட்டு. சுருண்டு, உருகி, கடைசியில் கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் பாலியஸ்டர். அதில் பழச்சாயம் ஏறாது. "சுத்தப் பருத்தி" என்று அடித்துச் சொல்லி ஒரு கடையில் விற்ற துணியை இருபது மீட்டர் வாங்கிவிட்டு, இந்தச் சோதனையைப் பிறகு செய்தவள் நான். நீங்கள் வாங்குவதற்கு முன்னால் செய்யுங்கள்.

துணி பருத்திதான், அவித்தும் ஆயிற்று, இருந்தும் வெளிர் நிறம்தான் என்றால், நிறமூன்றி (சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் பொருள்) போடவில்லை அல்லது முறை மாறிப் போட்டிருக்கிறீர்கள். படிகாரம் கம்பளியில் தானாக ஒட்டும், பருத்தியில் ஒட்டாது. பருத்திக்கு முதலில் துவர்ப்பு வேண்டும், அதாவது டானின். ஒரு கிலோ துணிக்கு 150 முதல் 200 கிராம் கடுக்காய்ப் பொடி. வெந்நீரில் கரைத்து, துணியை ஒரு இரவு ஊற வைத்து, பிழிந்து, அலசாமல் உலர்த்துங்கள். அதற்கப்புறம் 150 கிராம் படிகாரம். துவர்ப்பு துணியைப் பிடிக்கும், படிகாரம் துவர்ப்பைப் பிடிக்கும், சாயம் படிகாரத்தைப் பிடிக்கும். கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் நனைப்பது இந்த மாதிரியான அடித்தளத்துக்காகத்தான்.

கடுக்காய்க்குப் பதிலாக எங்கள் மலையில் வாட்டில் மரப்பட்டை கிடைக்கிறது. தோல் பதனிடும் டானினுக்காகவே கொண்டுவந்து நட்ட மரம். இப்போது புல்வெளியையும் சோலையையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டிப் போட்ட மரத்தின் பட்டை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அது துணியைச் சற்றுப் பழுப்பாக்கும். மாதுளை மஞ்சள் பளிச்சென்று வேண்டுமானால் கடுக்காயே மேல்.

நிறம் அழகாக வந்தது. ஒரே சோப்பில் நீலமாகி, சாம்பலாகி, போயே போய்விட்டது

பிளம்ஸ் தோல், நாவல்பழம், கறுப்பு திராட்சைத் தோல் போட்டீர்கள்தானே?

வைகாசியில் பிளம்ஸ் வரும்போது எல்லோரும் செய்யும் தவறு இது, நானும் செய்தேன். பானையில் அப்படி ஒரு சிவப்பு! என் மாமியாருக்கு ஒரு துண்டு முக்கிக் கொடுத்தேன். நல்ல ரோஜா நிறம். அவர் பார் சோப் போட்டுத் துவைத்துவிட்டு, துண்டை விரித்துக் காட்டினார். "ஏம்மா, பிங்க் துண்டு குடுத்த, அடுப்புத் துடைக்கிற துணி மாதிரி ஆயிடுச்சே?" துண்டு நீலமும் சாம்பலும் கலந்த ஒரு நிறத்தில் இருந்தது. ஒரு மூலையில் மட்டும், ரசம் சிந்திய இடத்தில், இன்னும் சிவப்பு.

அந்த ரசக் கறைதான் காரணத்தைச் சொன்னது. இந்தப் பழங்களின் நிறம் ஆந்தோசயனின். புளிப்பில் சிவக்கும், சோப்பின் காரத்தில் நீலமாகிப் பச்சைக்கும் போகும், வெயிலில் வெளுக்கும். படிகாரம் போட்டாலும் கொஞ்ச நாள் கூட நிற்குமே தவிர நிலைக்காது. உப்பு, வினிகர் போட்டு "நிறத்தைப் பூட்டலாம்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். வினிகர் அந்த நேரத்துக்குச் சிவப்பாகக் காட்டும், அவ்வளவுதான். பீட்ரூட்டின் நிறம் வேறு வகை, ஆனால் கதி ஒன்றுதான்.

கறை படிவது வேறு, சாயம் பிடிப்பது வேறு. சட்டையில் நாவல்பழக் கறை போகவில்லையே, அப்படியானால் அது நல்ல சாயம்தானே என்று பலர் கேட்கிறார்கள். போகாமல் நிற்பது பளிச்சென்ற அந்த ஊதா இல்லை. அது போன பிறகு மிஞ்சும் மங்கிய பழுப்பு. அந்த மங்கல் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள்.

நிலைக்கும் நிறம் வேண்டுமென்றால் நாக்கில் துவர்ப்பு தட்டும் கழிவைத் தேடுங்கள். மாதுளை ஓடு, பட்டர் ஃப்ரூட் கொட்டையும் தோலும், வாழைத்தோல். என் அனுபவத்தில் கண்ணை நம்புவதைவிட நாக்கை நம்புவது லாபம். விற்பதற்குச் சாயம் போடுகிறவர்கள் ஒரு சின்னத் துண்டை எடுத்து, பாதியை அட்டையால் மூடி, இரண்டு வாரம் வெயில் படும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுக்கும்போது கோடு தெரிந்தால் அந்தச் சாயத்தில் சேலை போட்டு விற்காதீர்கள்.

ஆரஞ்சுத் தோலை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் ஆரஞ்சு நிறம் வரவில்லை

வராது. ஆரஞ்சு, காரட், பப்பாளி ஆகியவற்றின் நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. காரட் பொரியலில் எண்ணெய்தானே நிறம் மாறுகிறது, தண்ணீர் மாறுவதில்லையே. கமலா ஆரஞ்சுத் தோலில் படிகாரத்தோடு ஒரு சோகையான மஞ்சள் கிடைக்கும். அதற்கு எரிவாயு செலவழிப்பதற்குப் பதிலாகத் தோலைக் காயவைத்துக் குளியல் பொடியில் சேர்க்கலாம்.

பட்டர் ஃப்ரூட்டில் பிங்க் எதிர்பார்த்தேன்; செங்கல் பழுப்பு வந்தது

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி.

கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்ணெய் நிறம். ஐந்து நிமிடம் பலகையில் விட்டுவிட்டு வந்தால் வெட்டிய முகம் முழுக்கச் செம்மஞ்சளாகி, கத்தியில்கூடச் சிவப்பு ஒட்டியிருக்கும். காற்றுப் பட்டுத்தான் இந்த நிறம் உருவாகிறது. சாயப் பானையிலும் இதேதான் நடக்க வேண்டும், நிதானமாக. அவசரப்பட்டால் பழுப்பு.

முதல் காரணம், கொதி. குழம்பு மாதிரித் தளதளவென்று கொதிக்க விட்டால் சிவப்பு கருகிப் பழுப்பாகிறது. ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும் சூடு போதும், 80 முதல் 85 டிகிரி. ஒரு மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்து, மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். மறுநாள் மறுபடி ஒரு மணி நேரம். முதல் நாள் வெறும் டீத்தண்ணீர் மாதிரி இருந்தது இரண்டாம் நாள் காலையில் ஒயின் நிறத்துக்கு வந்திருக்கும். மூன்றாம் நாள் இன்னும் ஆழமாகும். மலைக்குளிரில் சீக்கிரம் கெடாது என்பது நமக்கு வசதி.

இரண்டாவது, சதை. தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பச்சைச் சதையைக் கரண்டியால் சுரண்டி எடுக்காமல் போட்டால் எண்ணெய் மிதக்கும், சாயம் கலங்கும், துணியில் எண்ணெய் வட்டம் விழும். ஜூஸ் கடைக் கழிவில் சர்க்கரையும் பாலும் வேறு சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கழுவுங்கள். அன்றே போட முடியாவிட்டால் கழுவிய கொட்டையைக் காயவையுங்கள், இல்லையென்றால் ஃப்ரீசரில் வையுங்கள். பூஞ்சை பிடித்த கொட்டை பழுப்பைத்தான் தரும்.

மூன்றாவது, கடுக்காய். மேலே நானே பருத்திக்குக் கடுக்காய் போடச் சொன்னேன். ஆனால் கடுக்காய்க்கு என்று ஒரு மஞ்சள் அடிநிறம் உண்டு. மஞ்சள் மேல் பிங்க் ஏறினால் பீச் நிறம் வரும். பட்டர் ஃப்ரூட் கொட்டையிலேயே வேண்டிய டானின் இருப்பதால் சுத்தமான பிங்க் வேண்டுகிறவர்கள் கடுக்காயும் படிகாரமும் இல்லாமல், நன்றாக அவித்த துணியில் நேராகவே போடலாம். துணி எடைக்குச் சமமாகவாவது கொட்டையும் தோலும் எடுங்கள், இரண்டு மடங்கு இருந்தால் நல்லது.

நான்காவது, தண்ணீர். வத்தலக்குண்டில் இருக்கும் என் தோழி நான் கொடுத்த அதே கொட்டையைத் தன் வீட்டு போர்வெல் தண்ணீரில் போட்டாள். எனக்கு வந்ததைவிடச் சிவப்பு. அவளுடைய தண்ணீரில் காரம், என்னுடைய ஊற்றுத் தண்ணீர் லேசான புளிப்பு. நான் இப்போது பத்து லிட்டர் சாயத்துக்கு ஒரு சிட்டிகை சலவை சோடா சேர்க்கிறேன். உடனே கண் முன்னாலேயே நிறம் சிவக்கும். ஒரு சிட்டிகை என்றால் ஒரு சிட்டிகைதான். அள்ளிப் போட்டால் மறுபடி பழுப்பு. பி.எச். தாள் இருந்தால் 8 பக்கம் நிறுத்துங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் பழுப்பு வருகிறதா? பழத்தின் ரகத்துக்கு ரகம் மாறும். தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டி.கே.டி.1 ரகம் கீழ்ப்பழனி மலையில் பரவலாக இருக்கிறது, பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் பெயர் தெரியாத நாட்டு மரங்களும் காப்பித் தோட்டத்தில் ஏராளம். ஒரு மரத்துக் கொட்டையைத் தனியாகப் போட்டுப் பார்த்து, நல்ல சிவப்பு தரும் மரம் கிடைத்தால் தோட்டக்காரரோடு சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள்.

திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது

துணியை உலர்ந்தபடியே சாயத்தில் போட்டிருப்பீர்கள். ஒரு மணி நேரமாவது பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து போட வேண்டும். இல்லையென்றால் பானை சின்னது. வேட்டியைக் குக்கரில் திணித்தால் மடிப்புக்கு மடிப்பு ஒரு நிறம் வரத்தான் செய்யும். மேலே மிதக்கும் பகுதியில் காற்றுப் பட்டு வேறு நிறமாகும், அதற்கு எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அமுக்குங்கள். முதல் பதினைந்து நிமிடம் அருகிலேயே நின்று புரட்டிக்கொண்டே இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏற்கெனவே திட்டாகிவிட்ட துணியை வெளுக்க முயலாதீர்கள். சின்னாளப்பட்டிச் சுங்குடிக்காரர்களை நினைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டு, இன்னொரு முறை அடர்த்தியாக முக்கிவிடுங்கள். வேண்டுமென்றே செய்தது போல் இருக்கும். என் அலமாரியில் அப்படி நாலு இருக்கிறது.

நிறம் மந்தமாகச் சாம்பல் அடிக்கிறது. கறுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன

இரும்பு. துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுப்புதான், பழைய காலத்து மையே அப்படித்தான் செய்தார்கள். அது எங்கிருந்து வந்தது என்று துப்பறிய வேண்டும். இனாமல் பெயர்ந்த பாத்திரம், துருப்பிடித்த குழாய், கொடிக்கம்பி, துணியைக் கிளறிய பழைய கரண்டி. காலையில் குழாயைத் திறந்தால் முதல் குடம் செம்மண் நிறமாக வருகிற வீடு என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். மழைத்தண்ணீர் பிடித்துப் பயன்படுத்துங்கள், ஐப்பசி கார்த்திகையில் பழனி மலையில் அதற்குப் பஞ்சமில்லை.

புள்ளி விழுந்த துணியை முழுக்கவே சாம்பலாக்கிவிடலாம். ஒரு கிலோ துணிக்கு 10 முதல் 20 கிராம் அன்னபேதியை (இரும்பு உப்பு) வெந்நீரில் கரைத்து, துணியை ஐந்து பத்து நிமிடம் மட்டும் முக்கி எடுங்கள். பட்டர் ஃப்ரூட் பிங்க் ஊதா கலந்த சாம்பலாகும், மாதுளை மஞ்சள் பாசிப்பச்சையாகும், ஒன்றுக்கும் உதவாத வாழைத்தோல் பழுப்பு நல்ல புகை நிறத்துக்கு வரும். விருப்பாச்சி வாழைத்தோலுக்கு நான் கண்ட ஒரே உபயோகம் இதுதான்.

அடர் கறுப்பு வேண்டுமென்று அன்னபேதியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 40 கிராமைத் தாண்டினால் இன்று ஒன்றும் தெரியாது. சில வருடம் கழித்துத் துணி மடிப்பில் இற்று, விரல் பட்டால் கிழியும். அன்னபேதி டப்பாவைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள், சாயப் பாத்திரம் மறுபடி சமையலுக்கு வரக்கூடாது.

கம்பளி நூல் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது, தொட்டால் பிசுபிசுக்கிறது

மன்னவனூரில் மத்திய ஆட்டுப்பண்ணை இருப்பதால் இங்கே கம்பளிமேல் பலருக்கு ஆசை. கம்பளி பருத்திக்கு நேர் எதிர். சலவை சோடா ஆகவே ஆகாது, நாராக்கிவிடும். பச்சைத் தண்ணீரில் நூலைப் போட்டு, முக்கால் மணி நேரத்தில் மெல்லச் சூடேற்றி, ஆறிய பிறகுதான் எடுக்க வேண்டும். சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த ஊற்றுத் தண்ணீரில் அலசினால் நூல் சிட்டம் (நூல்கட்டு) முழுக்கக் கயிறாகிவிடும். கயிறானதை மீட்க முடியாது.

பிசுபிசுப்பு படிகாரம் அதிகமானதால் வருவது. கிலோவுக்கு 100 முதல் 120 கிராம் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசினால் ஓரளவு போகும். பருத்தியில் பிசுபிசுப்பு வந்தால் அது பழச்சர்க்கரை. சாயத்தை மெல்லிய துணியில் வடிகட்டாமல் விட்டிருக்கிறீர்கள், எறும்பு வந்து சாட்சி சொல்லும்.

துணி நாறுகிறது, பூஞ்சை பிடித்துவிட்டது

சாயத்தண்ணீரின்மேல் வெள்ளைப் படலம் வந்தால் எடுத்துப் போட்டுவிட்டு ஒரு கொதி விடுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கறுப்பும் பச்சையுமாக முடி முளைத்திருந்தால் உரக்குழிக்குத்தான்.

துணியில் பூஞ்சை வருவதற்குக் காரணம் நம் ஊர் மூடுபனி. மூன்று நாள் சூரியனே தெரியாத வாரத்தில் சாயம் போட்டால் துணி கொடியிலேயே புளிக்கும். கடுக்காய் போட்டு அலசாத ஈரத்துணி இன்னும் மோசம். அந்த வாரத்தில் கொட்டையைக் காயவைத்துச் சேர்த்துக்கொண்டே இருங்கள், சாயம் போடுவதை மட்டும் தள்ளிப் போடுங்கள். அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயவைக்கலாம், புகை படாமல்.

போன தடவை வந்த நிறம் இந்தத் தடவை வரவில்லை

அப்படியே வராது. நெருங்கி வர வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் துண்டைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, பக்கத்தில் துணி எடை, கொட்டை எடை, எந்தத் தண்ணீர், எத்தனை நாள் ஊறல் என்று எழுதுங்கள். ஒரே சேலைக்கு வேண்டிய முழுத் துணியையும் ஒரே பானையில் போடுங்கள். ரவிக்கைத் துணியை அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் சேலை ஒரு பக்கம், ரவிக்கை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.

மீந்த தண்ணீரை எங்கே கொட்டுவது?

கோளாறு இல்லைதான், ஆனால் இதில் கோட்டைவிட்டால் "இயற்கைச் சாயம்" என்ற பெயரே பொய். மயில்துத்தம் (செம்பு உப்பு) போட்டால் பச்சை நன்றாக வரும் என்று சிலர் சொல்வார்கள். வரும்தான், மீனையும் கொல்லும். நான் வாங்குவதில்லை. கொடைக்கானல் ஏரி வழிந்து வெள்ளி அருவியாய் விழுகிறது, அதற்குக் கீழே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள். சாயத்தண்ணீரை ஓடையில் விடாமல், ஒரே சாயத்தில் இரண்டாவது மூன்றாவது துணியை முக்கி, நிறத்தை முடிந்த மட்டும் உறிஞ்சிக்கொள்ளுங்கள். மூன்றாவது முக்கலில் வரும் வெளிர் நிறத்துக்குத்தான் எங்களிடம் அதிகம் பேர் ஆசைப்படுகிறார்கள்.

வெந்த கொட்டை உரக்குழிக்கு. படிகாரத் தண்ணீரை நிறையத் தண்ணீர் கலந்து ஹைட்ரேஞ்சியாவின் வேரில் ஊற்றுகிறேன். புளிப்பு மண்ணில் அலுமினியம் கிடைத்தால் அந்தப் பூ நீலமாகும். காய்கறிப் பாத்தியில் மட்டும் ஊற்றாதீர்கள்.